எத்தனை கிளிக் ஓடியிருக்கு?

போன மாதம் ஒரு மதியம், எங்கள் டில்லி கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் நெல்லைக்காரத் தம்பி டிபன் பாக்ஸை மூடிவிட்டு மொபைலை நீட்டினார்.

"சார், பழைய நிக்கான் டி7200. லென்ஸோட இருபத்தெட்டாயிரம் சொல்றான். ஒரு கீறல் இல்ல. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போறதுக்குள்ள வாங்கிரலாமா?"

"எத்தனை கிளிக் ஓடியிருக்கு?"

முழித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2013-ல் நானும் இப்படித்தான் முழித்தேன்.

பழைய கார் மேல் லோன் கேட்டு வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்காமல் நான் பேனாவைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான், இந்த ஊர்க் கடை ஒன்றில் கேமராவின் பளபளப்பைப் பார்த்தே காசை எண்ணிக் கொடுத்தேன். "பிராண்ட் நியூ கண்டிஷன் பாய் சாப்" என்றார் கடைக்காரர். போதாதா நமக்கு?

2014-ல் திருக்கடையூரில் அப்பாவுக்கு பீமரத சாந்தி. கலச அபிஷேகம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டக் என்று ஒரு சத்தம், திரையில் எர்ரர். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸை மாற்றினேன். ம்ஹூம். அன்று நான் எடுத்தது மொத்தம் 11 படம். மீதியெல்லாம் சித்தப்பா பையன் போனில் எடுத்த மங்கலான படங்கள். டில்லி திரும்பிய பிறகு ரிப்பேர் கடையில் பார்த்துச் சொன்னார்கள்: ஒரு லட்சம் கிளிக்குக்குச் செய்த ஷட்டர், 1,60,000 தாண்டி ஓடியிருக்கிறது. யாரோ கல்யாண போட்டோகிராபர் பிழிந்து எடுத்த கேமரா. மாற்ற அவர்கள் கேட்ட தொகை, நான் வாங்கிய விலையில் பாதி. 2018-ல் அப்பா போய்விட்டார். படத்துக்கு மாலை போட அந்த 11-க்குள்தான் தேட வேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கிளிக் கணக்கு தெரியாமல் பழைய கேமராவுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

விஷயம் இதுதான். டிஎஸ்எல்ஆர் ஷட்டர் என்பது சென்சார் முன்னால் ஓடும் இரண்டு திரைகள். ஒவ்வொரு படத்துக்கும் ஓடித் தேய்கின்றன. டி7200-ன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்கிறது நிக்கான். டி5300-க்கு 1,00,000, டி850-க்கு 2,00,000. கேனான் 5டி மார்க் 3-க்கு 1,50,000. இது மாத்திரை அட்டையில் போடும் காலாவதித் தேதி மாதிரி இல்லை. முன்னாலும் போகலாம், இரண்டு மடங்கும் ஓடலாம். ஆனால் விலை பேச நம் கையில் இருக்கும் ஒரே கணக்கு அதுதான்.

பி.காம்.-ல் படித்த தேய்மானத்தை இங்கே போடுங்கள். வருஷம் 3,000 படம் எடுக்கும் குடும்பத்துக்கு, 30,000 ஓடிய டி7200-ல் இன்னும் 40 வருஷக் கிளிக் பாக்கி. தாராளமாக வாங்கலாம். 1,30,000 ஓடியதற்கும் அதே விலை சொன்னால், கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

பார்ப்பது எப்படி? படத்தின் கோப்புப் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது 9999 ஆனதும் மறுபடி 0001-லிருந்து ஆரம்பிக்கும். நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் கணக்கை எழுதி வைக்கின்றன. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரியும். விற்பவர் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும் படம் உதவாது, அதில் இந்த விவரங்கள் போய்விடும். கேனானில் பெரும்பாலான மாடல்கள் படத்துக்குள் எழுதுவதில்லை. கேமராவை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். நேரில் போய், உங்கள் மெமரி கார்டைப் போட்டு, நீங்களே எடுத்துப் பாருங்கள்.

எண் ஒன்றே போதுமா? போதாது. சிபில் ஸ்கோர் நன்றாக இருந்தும் தவணை கட்டாதவர்களைப் பார்த்தவன் நான். வீடியோவுக்கே ஓட்டிய கேமராவில் கிளிக் குறைவாகத்தான் காட்டும், உழைப்பு மட்டும் ஏறியிருக்கும். ஆகவே கையோடு ஒரு சோதனை. கடையின் டியூப்லைட்டில் வேண்டாம், அந்த வெளிச்சமே படத்தில் பட்டை போடும். வெயிலுக்கு வந்து, வெளுத்த சுவரை 1/4000 வேகத்தில் பத்துப் படம் எடுங்கள். ஒரு ஓரம் இருண்டால் திரை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிர்ரர்லெஸ் என்றால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு எடுங்கள்.

"ஷட்டர்தானே, போனால் மாத்திக்கலாம்" என்பார்கள். உள்ளூர்க்காரருக்குச் சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்துக்கொள்வார். நமக்கு? வருஷத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறிப் போகிறோம். பத்து நாள் லீவு. அதற்குள் எடுத்ததுதான் படம். அம்மா அப்பாவின் அந்த நாளை எந்த சர்வீஸ் சென்டரும் மாற்றித் தராது.

இப்போது பலரும் மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறுவதால், சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி சந்தில் பழைய டிஎஸ்எல்ஆர் நிறையக் கிடைக்கிறது. நிதானமாகத் தேட நேரம் இருக்கிறது. கணக்கைக் காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. பாஸ்புக்கைக் காட்டாமல் லோன் கேட்பவரை நாங்கள் உட்காரக்கூடச் சொல்வதில்லை.

நம்ம தம்பி கார்டை எடுத்துக்கொண்டு போனார். கார்டைப் போட விற்பவர் சம்மதிக்கவே இல்லையாம். வெறுங்கையோடு திரும்பி வந்தார். அக்கா கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த சனிக்கிழமை இரண்டு பேருமாகச் சந்துக்குப் போகிறோம்.