நாடிழந்தோர் நடத்திய வித்வத் சபை

ஒரு ராஜ்யம் பூகோளப் படத்தினின்றும் மறைந்த பிறகும், அதன் பெயரைத் தாங்கிய சங்கமொன்று கடல் கடந்த தேசத்தில் உயிரோடிருப்பது விநோதமான காரியமே. செக்கோஸ்லோவேகியா என்னும் ராஜ்யம் 1993ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1ந் தேதி முதல் இல்லை. அதனிடத்தில் செக் குடியரசும் ஸ்லோவாக் குடியரசும் தனித்தனியே ஆட்சி புரிகின்றன. ஆயினும் 1958இல் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் தோன்றிய செக்கோஸ்லோவாக் கலை விஞ்ஞான சங்கம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இது வெறும் பிடிவாதமா, அல்லது இதில் நியாயம் ஏதேனும் உண்டா என்பதைச் சிறிது விசாரிப்போம்.

செக்கர்களுக்கு அந்நிய தேச வாசம் புதிதன்று. 1620இல் வெள்ளைமலைப் போரில் தோல்வியுற்ற பின், பொஹிமிய தேசத்து ப்ராடெஸ்டண்டு அறிஞர்கள் பலர் பிறந்த மண்ணைத் துறந்து செல்ல நேர்ந்தது. கல்வி முறையைச் சீர்திருத்தியவரென்று உலகம் போற்றும் கொமென்ஸ்கி அவர்களுள் ஒருவர். அவர் 1670இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் காலமாகி, ஹாலந்து மண்ணிலேயே அடக்கமானார். தத்துவப் பேராசிரியராகிய மஸாரிக் 1914இல் தேசத்தை விட்டு வெளியேறி, நேசநாட்டுத் தலைநகரங்களில் நான்கு வருஷம் இடையறாது உழைத்ததன் பயனாகவே, 1918 அக்டோபர் 28ந் தேதி செக்கோஸ்லோவேகியா சுதந்திரம் அடைந்தது. அந்தச் சுதந்திரம் இருபது வருஷமே நிலைத்தது. 1938இல் ம்யூனிச் ஒப்பந்தத்தின் மூலம் பெரிய வல்லரசுகள் அந்நாட்டைக் கேளாமலே அதைக் கூறுபோட்டன. 1939 நவம்பர் 17ந் தேதி ஜெர்மானியர் செக் சர்வகலாசாலைகளை இழுத்து மூடினர். யுத்தம் முடிந்து மூச்சுவிடுவதற்குள் 1948 பெப்ரவரியில் கம்யூனிஸ்டுக் கட்சியார் அதிகாரம் முழுவதையும் கைப்பற்றினர். பத்து வருஷத்துக்குள் இருமுறை தேசத்தை இழந்த ஜனசமூகம் அது.

இரண்டாம் முறை வெளியேறியோரில் மந்திரிகள் இருந்தனர். கட்சித் தலைவர்கள் இருந்தனர். இவர்கள் 1949இல் வாஷிங்டனில் சுதந்திர செக்கோஸ்லோவேகியா கவுன்ஸில் என்ற ஸ்தாபனத்தை அமைத்தனர். ஆனால் நாட்டை இழந்தவர்கள் தம் கட்சிச் சண்டைகளை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்திருந்தனர். கவுன்ஸில் விரைவிலேயே பிளவுபட்டது. ஆள்வதற்கு ஓரங்குல நிலமும் இல்லாதவர்கள், அதை யார் ஆள்வது என்பதைப் பற்றி வாதித்துக் காலங்கழித்தனர். இது செக்கர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. நாடிழந்தோர் எல்லோரையும் பீடிக்கும் நோய் இது.

இந்நோய்க்கு மருந்தாகவே கலை விஞ்ஞான சங்கம் பிறந்ததென்று கூறலாம். அதற்கு வித்திட்டவர் யாரோஸ்லாவ் நியெமெட்ஸ் என்பவர். அவர் சட்டம் பயின்றவர். அமெரிக்காவில் மருத்துவ நூல்நிலையமொன்றில் உத்தியோகம் பார்த்தவர். முதல் அக்கிராசனராக வீற்றிருந்தவர் கணித சாஸ்திரி வாட்ஸ்லாவ் ஹ்லவாட்டி. ஐன்ஸ்டீனுடைய ஒருமைப்பட்ட புலக் கொள்கையின் கணிதத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இவரே. அவருக்குப் பின் 1962இல் அப்பதவிக்கு வந்தவர் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியரும், இலக்கிய விமர்சன சரித்திரத்தில் ஈடற்றவருமான ரெனே வெல்லெக். இவர்கள் சங்கத்துக்கு விதித்த முதல் நிபந்தனை, கட்சி அரசியல் உள்ளே நுழையலாகாது என்பது. கத்தோலிக்கர், ப்ராடெஸ்டண்டு, யூதர், நாஸ்திகர் எவராயினும், அறிவுத் துறையில் உழைப்பவர் என்ற ஒரே தகுதி போதுமென்றனர்.

சங்கம் செய்த வேலை ஆரவாரமற்றது. 1962இல் வாஷிங்டனில் முதல் மகாநாடு கூடிற்று. அதில் வாசிக்கப்பெற்ற வியாசங்கள், உலகக் கலாசாரத்துக்குச் செக்கோஸ்லோவேகியர் அளித்த கொடை என்னும் பொருள்பட்ட தலைப்புடன் 1964இல் ஹேக் நகரில் பெரியதொரு நூலாக வெளிவந்தன. அதைப் பதிப்பித்த மிலோஸ்லாவ் ரெக்ட்ஸிகல் உயிர்ரசாயன சாஸ்திரி. பகலில் ஆராய்ச்சி வேலை. மாலையில் சங்கத்தின் கடிதப் போக்குவரத்து. பின்னர் அவரே பல வருஷம் அக்கிராசனராகவும் இருந்தார். 1964 முதல் தாய்மொழியில் 'ப்ரொமெனி' என்னும் சஞ்சிகையும், 1982 முதல் ஆங்கிலத்தில் 'கோஸ்மாஸ்' என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையும் வெளியிடப்பெற்றன. நியூயார்க், சிக்காகோ, டொராண்டோ, மாண்ட்ரீல், ஸ்விட்ஸர்லாந்து முதலிய இடங்களில் கிளைகள் தோன்றின.

இவற்றை நடத்திய விதத்தை நமது நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சங்கத்துக்குப் பின்பலமாக ஸர்க்கார் இல்லை, மாளிகை இல்லை. அங்கத்தினர் சந்தாவும், அவர்களுடைய ஓய்வு நேரமுமே மூலதனம். காரியதரிசியின் வீட்டு மேஜையே காரியாலயம். புதிதாகக் கரையேறிய டாக்டரும் எஞ்சினீயரும் அந்நிய பாஷையில் மறுபடி பரீட்சை கொடுத்துப் பிழைப்புத் தேடவேண்டிய காலத்தில், தம் பாஷைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியது சாமானியமான தியாகமன்று.

தாய்நாட்டுச் சட்டமோ அவர்களைக் குற்றவாளிகளாகவே கருதியது. 1961ஆம் வருஷத்துக் குற்றச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக விதித்திருந்தது. வெளியே ஒருவர் எழுதினால், உள்ளே இருந்த தம் உறவினருக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம் ஓயாது உடனிருந்தது. 1968 ஆகஸ்டில் ஸோவியத் சேனைகள் நுழைந்தபின் மற்றொரு பெரும் கூட்டம் வெளியேறிற்று. பழையவர்கள் கம்யூனிஸத்தை என்றும் எதிர்த்தவர்கள். புதியவர்களில் பலர் நேற்றுவரை அக்கட்சியிலேயே இருந்தவர்கள். இவ்விருவரையும் ஒரே பந்தியில் அமர்த்துவது எளிதன்று. அரசியலை வாயிற்படியிலேயே நிறுத்திய பழைய நிபந்தனை அப்பொழுது பெரிதும் உதவிற்று.

இனிப் பெயரைப் பற்றிய வழக்குக்கு வருவோம். ஸ்லோவாக்கர் கட்சியை முதலில் கேட்பதே நியாயம். 1918 மே மாதத்தில் பிட்ஸ்பர்க் நகரில் மஸாரிக் கையொப்பமிட்ட உடன்படிக்கை, ஸ்லோவாக்கருக்குத் தனி நிர்வாகமும், தனிச் சட்டசபையும், தனி நியாயஸ்தலங்களும் உண்டென்றது. 1920ஆம் வருஷத்து அரசியல் சட்டம் அவற்றை வழங்கவில்லை. ஆதலின் 'செக்கோஸ்லோவாக்' என்ற சொல்லே தங்களைச் செக்கருக்குள் அமிழ்த்தும் சூழ்ச்சியென்று ஸ்லோவாக் தேசீயவாதிகள் கருதியதில் வியப்பில்லை. அவர்கள் 1970இல் உலக ஸ்லோவாக் காங்கிரஸ் என்று தமக்கெனத் தனி ஸ்தாபனம் கண்டனர். சங்கத்தில் ஸ்லோவாக் அறிஞர்கள் இருந்தனராயினும், செக்கர் தொகையே மிகுதி. இந்தக் குறையை மறைப்பது சங்கத்துக்குச் செய்யும் உபகாரமாகாது.

1989 நவம்பரில் கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்தது. 1992இல் சங்கத்தின் மகாநாடு முதன்முறையாகத் தாய்நாட்டிலேயே கூடிற்று. வயது முதிர்ந்த அறிஞர்கள் தாம் ஓடிவந்த வீதிகளில் மறுபடி நடந்தனர். ஆனால் அதே வருஷம் நவம்பர் 25ந் தேதி கூட்டாட்சிச் சட்டசபை ராஜ்யத்தைக் கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஜனங்களின் வாக்கு நேராகக் கேட்கப்படவில்லை.

"அடிமைத்தனம் ஒழிந்தது, ராஜ்யமும் ஒழிந்தது, இனிச் சங்கம் எதற்கு?" என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு நமது விடை இதுவே. ராஜ்யத்தை ஒரு சட்டசபை கலைத்தது. சங்கத்தைப் படைத்தது எந்தச் சட்டசபையுமன்று; ஆதலால் அதைக் கலைக்கும் உரிமை அங்கத்தினருக்கே உண்டு. இரு ஜனங்கள் எழுபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இன்ப துன்பங்களை அனுபவித்த சரித்திரத்தைச் சட்டம் அழித்துவிட முடியாது. தனி ராஜ்யங்களான பின், ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுவார் என்ற பயமும் நீங்கிற்று. கட்டாயமின்றி ஒன்றுகூடுவதற்கு இதைவிடத் தக்க காலம் வேறில்லை.

இத்தகைய வாசத்தின் பலனைத் தமிழரும் அனுபவித்திருக்கிறோம். பிராகாவில் பிறந்து தமிழில் ஆழ்ந்த புலமை பெற்ற கமில் ஸ்வெலபில், 1968 படையெடுப்புக்குப் பின் தாய்நாட்டை நீத்து, நெதர்லாந்தில் யூட்ரெக்ட் சர்வகலாசாலையில் பேராசிரியராக அமர்ந்தார். நம் இலக்கியத்தை மேனாட்டாருக்கு அறிவித்த அவர் நூல்களுள் முக்கியமானவை அந்நிய மண்ணிலிருந்தே வெளிவந்தன. ஒரு தேசம் துரத்திய வித்வானால் மற்றொரு தேசம் பயனடைகிறது. துரத்திய தேசத்துக்கு நஷ்டமே மிச்சம்.

இச்சங்கத்தின் எதிரே இன்றுள்ள ஆபத்து கம்யூனிஸமும் அன்று, பிரிவினையும் அன்று, வயதேயாகும். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் பாஷை தெரியாது. ஆங்கிலத்தில் பத்திரிகை நடத்தினால் பாஷை தேய்கிறது. தாய்மொழியிலேயே நடத்தினால் வாசகர் தேய்கின்றனர். சங்கம் இரண்டையும் நடத்திப் பார்த்தது. நம் அபிப்பிராயத்தில் அதுவே சரியான வழி. அயோவா மாகாணத்து சீடர் ராபிட்ஸ் நகரிலுள்ள செக் ஸ்லோவாக் பொருட்காட்சிசாலை 2008இல் வெள்ளத்தில் மூழ்கியது. அதை நடத்துவோர் சோர்ந்துவிடாமல், கட்டடத்தையே பெயர்த்து மேட்டுநிலத்தில் நிறுத்தி, 2012இல் மறுபடி திறந்தனர். பாட்டனார் சேர்த்தவற்றைக் காக்கும் உறுதி பின்வந்தோரிடம் இன்னும் இருக்கிறதென்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தேசத்தொண்டு செய்ய விரும்பும் நம் வாலிபர்கள் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் எளியது. மேடைப் பிரசங்கம் செய்தவர்களின் கவுன்ஸில் பிளவுபட்டது. கடிதத்துக்குப் பதில் எழுதி, சந்தாக் கணக்கை ஒழுங்காக வைத்து, வியாசங்களை அச்சேற்றியவர்களின் சங்கம் ராஜ்யத்தையும் கடந்து வாழ்கிறது. இவ்விரண்டில் எது கடினமான தேசத்தொண்டு என்பதை அவர்களே நிதானித்துக்கொள்ளட்டும்.