கரடுமுரடான வழியும் கல்மாளிகையும்

பழைய நகரங்களின் சிதைவுகளைக் காணப் புறப்படுவோர் நல்ல வீதியையும் நல்ல தங்குமிடத்தையுமே முதலில் விசாரிப்பர். இவ்விரண்டும் இல்லாத ஓரிடத்துக்கு இவ்வாரம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், வறண்ட நிலத்தின் நடுவே கிடக்கும் சாக்கோ பள்ளத்தாக்கே அவ்விடம்.

அங்கே விடுதி இல்லை, உணவுச்சாலை இல்லை, பெற்றோல் நிலையமும் இல்லை. ஆதலால் பிரயாணிகள் பலர் வீட்டையே உடன் கொண்டு செல்கின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளே அமைந்த பெரிய மோட்டார் வண்டி அது. மோட்டார் வீடு என்று அதனை அழைக்கலாம். ஆயினும் சாக்கோவின் வழி அந்த வீட்டையும் அதன் தலைவனையும் நன்கு சோதித்தே உள்ளே விடுகின்றது.

வடக்கு நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் பூங்காவின் எல்லை 21 மைல். முதல் 8 மைல் தார் வீதி. எஞ்சிய 13 மைலும் மண்பாதை. கூரைத் தகரத்தைத் தரையிற் பரப்பி வைத்தாற்போல அது மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும். விரைந்து சென்றால் அலுமாரிக் கதவுகள் திறந்து கோப்பைகள் சிதறும், திருகாணிகள் கழலும், புழுதி படுக்கைவரை புகும். மழை பெய்தாலோ களிமண் வழுக்கும். காய்ந்து கிடந்த ஓடைகளில் வெள்ளம் பாயும். ஆகவே எண்ணெயும் தண்ணீரும் நிரப்பி, பொருள்களைக் கட்டி வைத்து, வானத்தைப் பார்த்துப் புறப்படுவதே அறிவுடைமை. தெற்கிலிருந்து வரும் பாதைகள் இத்தகைய வண்டிகளுக்கு ஏற்றவையல்ல. பள்ளத்தாக்கிலுள்ள ஒரேயொரு முகாமிலும் 35 அடிக்கு மேல் நீண்ட வண்டிகளுக்கு இடமில்லை.

இத்தனை துன்பமும் எதற்காக? கி.பி. 850 முதல் 1150 வரை, ஏறக்குறைய 300 ஆண்டுகளாகக் கட்டப்பெற்ற கல்மாளிகைகளைக் காண்பதற்காகவே. அவற்றுட் பெரியது புவெப்லோ பொனித்தோ. அரைவட்ட வடிவினதான அம்மாளிகையில் 600க்கு மேற்பட்ட அறைகள் இருந்தன. சில பகுதிகள் நான்கு மாடி உயரம் எழுந்தன. நிலத்தினுள் வட்டமாக அமைக்கப்பெற்ற 'கிவா' என்னும் சடங்கு மண்டபங்களும் பல உள. மெல்லிய கற்பலகைகளை அடுக்கி எழுப்பிய சுவர்களின் நேர்த்தி இன்றும் காண்போரை வியக்க வைக்கின்றது.

மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இம்மாளிகைகளுக்கு வேண்டிய மரங்கள் பள்ளத்தாக்கில் விளைந்தவையல்ல. ஏறக்குறைய 50 மைல் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து வந்தவை பல. எல்லாக் கட்டடங்களுக்குமாக 2,00,000க்கு மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்பது ஆராய்ச்சியாளரின் கணிப்பு. அம்மக்களிடம் சக்கரம் இல்லை. பாரம் இழுக்கும் விலங்கும் இல்லை. மனிதத் தோள்களே அவற்றைச் சுமந்தன. அந்த மரங்களின் வளையங்களே பின்னர் காலக்கணக்கும் சொல்லின. ஏ. ஈ. டக்ளஸ் என்னும் வானியலறிஞர் மரவளையங்களை ஒப்பிட்டு, 1929இல் இம்மாளிகைகளின் வயதைத் துணிந்தார்.

அதனினும் வியப்பு அவர்களுடைய வீதிகள். ஏறக்குறைய 30 அடி அகலத்தில், மேடு பள்ளம் பாராது நேராகச் சென்றன அவை. பாறை குறுக்கிட்ட இடங்களிற் படி வெட்டினார்கள். சக்கரமே இல்லாதவர்கள் அத்தகைய வீதிகளை அமைத்த நாட்டில், சக்கரத்தின் மேலேறிச் செல்லும் நாம் இன்று குலுங்கிக் குலுங்கிச் செல்கின்றோம்!

1130ஆம் ஆண்டளவில் தொடங்கிய நீண்ட வறட்சியினால் மக்கள் மெல்ல மெல்ல வெளியேறினர். ஆயினும் அவர்கள் அழிந்துவிடவில்லை. ஹோப்பி, சூனி முதலிய புவெப்லோ மக்கள் இதனைத் தம் முன்னோரின் இடமாக இன்றும் போற்றுகின்றனர்.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகின்றது. மண்பாதையைத் தார் வீதியாக்க வேண்டுமா? ஆக்கினால் கூட்டம் பெருகும், சிதைவுகள் மேலும் சிதையும் என்பர் ஒருசாரார். அவர்கள் அச்சம் வீணன்று. ஃபஹாடா என்னும் தனிக்குன்றின் உச்சியில், கற்பலகைகளின் இடைவழியே விழும் ஒளிக்கீற்று பாறையிற் செதுக்கிய சுருளைத் தொட்டுப் பருவங்களைக் காட்டியது. 1977இல் இது கண்டறியப்பெற்றது. அதன்பின் ஏறி வந்தோரின் காலடிகளால் மண் அரிந்து, 1989இல் பலகைகள் இடம்பெயர்ந்திருக்கக் காணப்பட்டன. பல நூற்றாண்டுகள் தாங்கிய நுட்பம் பன்னிரண்டு ஆண்டுகளிற் பாழாயிற்று. இன்று அக்குன்றில் ஏற அனுமதியில்லை.

மறுசாராரின் குரலும் புறக்கணிக்கத்தக்கதன்று. அப்பாதையருகே நவாஹோ குடும்பங்கள் வாழ்கின்றன. விருந்தினருக்கு வீரச்செயலாகத் தோன்றும் சேறு, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளிக்கும் நாளாந்தத் துன்பமன்றோ? ஊராரைச் சேற்றில் நிறுத்தித்தான் பழம்பொருளைக் காக்க வேண்டுமென்பதில்லை. குடியிருப்புகள் உள்ளவரை நல்ல வீதி அமையட்டும். உள்ளே வரும் வண்டிகளின் தொகைக்கும் பருமனுக்கும் எல்லை வகுக்கட்டும். முகாமின் 35 அடி விதி அதற்கொரு தொடக்கம் என்றே நாம் கருதுகின்றோம்.

எத்தகைய வீதி அமைந்தாலும், சுவர்களின்மேல் ஏறாமலும் ஓட்டுத் துண்டொன்றையும் எடுக்காமலும் திரும்புவது செல்வோரின் கடமை. அங்கே இரவில் விளக்கொளியும் குறைவு. அதன் இருண்ட வானைப் பேணியமைக்காக 2013இல் அனைத்துலக அங்கீகாரம் கிடைத்தது. வண்டியின் விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே அமர்ந்தால், அம்மாளிகைகளில் வாழ்ந்தவர்கள் கண்ட விண்மீன்களை நாமும் காணலாம்.