வலி சொல்லாத சிறுநீரகம்

மூன்று வருடங்களுக்கு முன் என் உம்மா தனது சிறுநீரகங்களில் ஒன்றைத் தன் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்குக் கொடுத்தார். மாமா வீடு திரும்பிய அன்று, "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் முடிந்தது" என்றோம். அது எவ்வளவு தவறு என்பதைச் சென்ற வருடம்தான் உணர்ந்தேன்.

மாமா கிளினிக் போவதைத் தள்ளிப்போட்டு வந்தார். "போனால் திரும்பவும் ஊசி குத்திச் சதை எடுப்பாங்க. எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே" என்பார். உம்மா விடவில்லை. "தம்பி, நான் தந்தது அமானிதம்" என்று சொல்லி அழைத்துப் போனார். அன்று ஸ்கேனில் சிறுநீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. ஊசி ஏதும் குத்தப்படவில்லை. அடைப்பும் உரிய நேரத்தில் சரிசெய்யப்பட்டது.

மாமாவுக்கு ஏன் வலிக்கவில்லை? மாற்றிப் பொருத்தும்போது சிறுநீரகத்தின் நரம்புகள் இணைக்கப்படுவதில்லை. எனவே அடைப்பு ஏற்பட்டாலும் அது வலியால் எச்சரிக்காமல் இருக்கலாம். குருதியில் கிரியற்றினின் உயரும்போது பாதிப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். ஆகவே நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. மாற்றிய சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்கு அண்மையில் வைக்கப்படுவதால் கழியொலி ஸ்கேனில் இலகுவாகத் தெரியும். 1842இல் கிறிஸ்டியன் டொப்ளர் விளக்கிய, நாம் உயர்தர பௌதிகவியலில் படிக்கும் அதே விளைவுதான் குருதியோட்டத்தையும் காட்டுகிறது. ஓடும் செங்குழியங்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மீடிறன் மாறுகிறது. அதைக்கொண்டு நாடி ஒடுங்கியுள்ளதா என அறியலாம். இதில் வெட்டும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

உடல் அந்த உறுப்பை நிராகரிக்கிறதா என்பதை உறுதிசெய்ய இன்னமும் இழைய மாதிரி தேவைப்படுகிறது என்பது உண்மைதான். ஸ்கேன் அதற்குப் பதிலீடு அல்ல. ஆனால் ஒவ்வொரு பயணமும் ஊசியில் முடிவதில்லை என்று அறிந்தால், மாமாவைப் போன்றவர்களின் பயம் குறையும்.

எனவே நான் கேட்பது இரண்டு. தூரத்து ஊர்களிலுள்ள நோயாளிகளுக்கு இந்த ஸ்கேன் தமது மாவட்ட வைத்தியசாலையிலேயே ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். குடும்பத்தினராகிய நாமும் சத்திரசிகிச்சை நாளை நினைவில் வைத்திருப்பதுபோல் அடுத்த கிளினிக் நாளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கலண்டரில் இப்போது அந்தத் திகதியை உம்மாதான் வட்டமிடுகிறார்.