தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல்

ஜூன் பிறந்தால் போதும், எங்கள் மோதி பாக் குடியிருப்பில் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் மூட்டை கட்டும் வேலை ஆரம்பமாகிவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் லே புறப்படுகிறார்கள். எங்கள் காலத்தில் லீவு என்றால் ஜி.டி. எக்ஸ்பிரஸும் பாட்டி வீடும்தான். இவர்களுக்குத் திசை மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பார்க்க வேண்டிய ஊர்தான். என் வருத்தம் வேறு. போன வருஷம் அடுத்த பிளாக் பையன் ஒருவன் மூட்டையின் பக்கவாட்டில் நான்கு பெரிய தண்ணீர் பாட்டில்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். "இவ்வளவு தாகமாடா எடுக்கும்?" என்று கேட்டேன். "வண்டிக்குத்தான் மாமா தாகம்" என்று சிரித்தான். நான்கிலும் பெட்ரோல்!

அவன் கணக்கில் தவறில்லை. மணாலிக்கு அப்பால் தாந்தி என்ற இடத்துப் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாகப் பிரசித்தம். அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத பையன் இல்லை. லேவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்பே காருவில் பெட்ரோல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 330 கிலோமீட்டர் ஆகிறது. புல்லட்டின் டாங்க் 13 லிட்டர் சொச்சம். சமவெளியில் லிட்டருக்கு 35 கொடுக்கும் வண்டி, ஆள், மூட்டை, ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் 25 கொடுப்பதே பெரிது. பதின்மூன்றை இருபத்தைந்தால் பெருக்கினால் 325. நடுவில் பனிச்சரிவோ லாரி மறியலோ வந்து திரும்ப வேண்டியிருந்தால் கதை கந்தல்தான். கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எதில் கொண்டுபோவது என்பதில்தான் தகராறு.

பனியில் ஓடும் ஸ்கூட்டரைக் குல்மர்க்கில் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 1959-இல் கனடாவின் பொம்பார்டியே விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியின் வம்சம். சக்கரம் கிடையாது, ரப்பர் பட்டைதான். புதுப்பனியில் புதைந்து புதைந்து போவதால் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கிடைத்தாலே லாபம். சியாச்சினில் நம் ராணுவம் அதை ஓட்டுகிறது. அங்கே ஒவ்வொரு லிட்டரும் கீழேயிருந்து ஏற வேண்டியது. இந்த வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் கணக்கு எனக்குப் பிடித்தது: மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. அதிகப்படி எரிபொருளை அவர்கள் அதற்கென்றே செய்த கேனில்தான் கட்டுகிறார்கள், குளிர்பான பாட்டிலில் அல்ல.

உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை உண்டா என்றால், பட்டவன் என்ற யோக்கியதை உண்டு. 1990-இல் வளைகுடா நெருக்கடி வந்தபோது, நாளைக்குப் பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, பழைய எண்ணெய் பிளாஸ்டிக் கேனில் ஐந்து லிட்டர் வாங்கி மாடிப்படியடியில் வைத்தேன். அப்போது என்னிடம் டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். ரிசர்வும் தீர்ந்தால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் கறந்து வீடு சேர்ந்த தலைமுறை நாங்கள். பத்து நாள் கழித்து, சாயங்காலம் விளக்கேற்றப் போன என் மனைவி தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு "என்ன வாசனை இது?" என்று நின்றுவிட்டாள். கேனின் அடி இளகிப்போய், பெட்ரோல் தரையோடு பரவியிருந்தது. அவள் மூக்கு கூர்மை. எங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே தவழ்ந்து போய் நெருப்பைத் தேடும். குளிரில் ஒன்றும் ஆகாது என்று பையன்கள் நினைப்பதும் தப்பு. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் தீப்பிடிக்கப் போதுமான ஆவி அதிலிருந்து கிளம்பும். இன்னொன்று, மலையேற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. லேயில் இங்கிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டருக்கு மேலிருக்கும் தங்லங் லா கணவாயில் ஏறக்குறையப் பாதி. கீழே இறுக்கி மூடிய பாட்டில் அங்கே பலூனாக உப்பும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று மூடியைத் திருகினால் பீறிட்டு அடிக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், 8-ஆவது பிரிவு: விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேற்படாத பாத்திரம், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேற்படாத பாத்திரம், கெட்டியான மூடியுடன். தண்ணீர் பாட்டில் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? கேட்டால் "பங்க்கிலேயே ஊற்றித் தருகிறார்களே" என்பது பதில். தருகிறவர் கூட வரப்போவதில்லையே!

ஜெர்ரி கேன் என்கிறோமே, அது இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மானியர் செய்த இருபது லிட்டர் தகர டப்பா. நிரப்பினாலும் மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் இருக்கும்படி வடிவமைத்தார்கள், பெட்ரோல் விரிவடைய. நம் பிள்ளைகளுக்கு இருபது தேவையில்லை. ஐந்து லிட்டர் உலோகக் கேன் போதும், 125 கிலோமீட்டர் கூடுதலாகும். தரையில் வைத்து, கழுத்துவரை நிரப்பாமல், சைலன்ஸர் இல்லாத பக்கம் கட்ட வேண்டும். டாங்க்கில் இடம் கிடைத்ததும் எஞ்சினை ஆறவிட்டு முதலில் அதைக் காலி செய்துவிட வேண்டும். காலி கேனிலும் ஆவி இருக்கும், மூடியைத் திறந்து போடக் கூடாது.

செலவில்லாத வழியும் உண்டு. பக்கத்திலேயே பிகாஜி காமா பிளேஸில் இருக்கும் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978 முதல் இதையேதான் சொல்லி வருகிறது: டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், நிதான வேகம். கார்ப்புரேட்டர் வண்டியானால் உயரத்தில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து கரும்புகை தள்ளும்; கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. ஆளுக்கு மூன்று ஜீன்ஸ் எதற்கு என்றும் யாராவது கேட்கலாம்.

நம் சங்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுக்கிறோம். அதே அலமாரியில் ஐந்து லிட்டர் உலோகக் கேன் ஆறு வாங்கி வைத்து, லே போகிறவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தால் என்ன? திரும்பி வரும்போது கழுவிக் காயவைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். அடுத்த செயற்குழுவில் இதைக் கேட்கப் போகிறேன். முதல் இரண்டு கேனுக்கான பணம் என்னுடையது. வாங்கப் போகிறவர்கள் மூடிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.