போர்மட் அடிக்க முன்னர் ஒரு தடவை பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எமது ஊரில் கணினிக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். அதன் பெயர் போர்மட். மெதுவாக வேலை செய்கின்றதா, போர்மட். பென் டிரைவ் திறக்கவில்லையா, போர்மட். ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா, அதற்கும் அதுதான். கொண்டு போய்க் கொடுப்பவரும் கேள்வி கேட்பதில்லை, வாங்கி வைப்பவரும் உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்ப்பதில்லை. பார்ப்பதற்குக் கணினிக்குள்ளேயே வழி இருக்கின்றது, செலவு இல்லை, ஐந்து நிமிடம் போதும் என்பதைச் சொல்லத்தான் இதனை எழுதுகின்றோம்.

சென்ற தவணையில் எம்மோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் 500 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டு வந்தார். செருகினால் விளக்கு எரிகின்றது, ஆனால் கணினியில் எங்கும் காணவில்லை. கடையில் பார்த்துவிட்டு "டிஸ்க் செத்துட்டு, போர்மட் பண்ணினா பாவிக்கலாம்" என்று சொல்லியிருக்கின்றார்கள். அதற்குள்தான் மௌத்தாகிப் போன அவருடைய வாப்பாவின் குரல் பதிவுகள் இருந்தன. நாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விண்டோஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் எனும் கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் என்று அடித்தோம். அடுத்து லிஸ்ட் வொலியூம். (கட்டளைகளை இங்கே தமிழில் ஒலித்தபடி எழுதுகின்றோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) ஒரு சிறிய அட்டவணை வந்தது. அந்த டிஸ்க் அங்கே இருந்தது. கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ், அளவு 465 ஜிபி, நிலை ஹெல்த்தி. எல்லாம் சரி. எழுத்துக்கான நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. சீ, டீ, ஈ என்று கொடுக்கப்படும் அந்த ஒற்றை எழுத்து அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வொலியூமைத் தெரிவு செய்து, அசைன் என்று ஒரு சொல் அடித்தோம். திறந்து கொண்டது.

பிறகு ஓட்டோமவுண்ட் என்று அடித்துப் பார்த்தால், புதிய வொலியூம்களுக்குத் தானாக எழுத்துக் கொடுக்கும் வசதி அந்தக் கணினியில் அணைக்கப்பட்டிருந்தது. யார் எப்போது அணைத்தார்கள் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஓட்டோமவுண்ட் எனேபிள் என்று அடித்து அதனையும் சரி செய்தோம்.

அந்த ஆசிரியை கடைக்காரர் சொன்னதைக் கேட்டு "சரி, போர்மட் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

இங்கே ஒரு சின்ன விடயம். 500 ஜிபி வாங்கினால் 465தான் காட்டுகின்றது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டை பிடித்தவர்கள் எமதூரில் உண்டு. ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஜிபி என்பதை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று தடவை பெருக்கிக் கணக்கிடுகின்றது. அதனால்தான் 1 டிபி டிஸ்க் 931 ஆகத் தெரிகின்றது. இந்த 931 என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள். எமது வெட்கக்கேடு அதில்தான் இருக்கின்றது.

அடுத்தவர்களைக் குறை சொல்லிவிட்டு எமது கதையை மறைப்பது நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன்னர் எமது கணினி ஆய்வுகூடத்தில் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று அடம்பிடித்தது. டிஸ்க்பார்ட் அப்போதே எமக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்ற நினைப்பு இருந்தது. செலக்ட் டிஸ்க் 1, கிளீன், புதிய பார்ட்டிசன், விரைவு போர்மட். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளீன் என்ற கட்டளை "நிச்சயமாகவா?" என்று ஒரு தடவைகூடக் கேட்காது என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அழிக்கச் சொன்னால் மறுக்கும். மற்ற டிஸ்க் எதுவாக இருந்தாலும் அடித்த உடனே முடித்துவிடும். வேலை முடிந்த பின்னர் திரையைப் பார்த்தால், புதிய வொலியூமின் அளவு 931 ஜிபி.

பென் டிரைவுக்குப் பக்கத்தில் இன்னொரு வெளி ஹார்ட் டிஸ்க் செருகப்பட்டிருந்தது. அன்று அதுதான் டிஸ்க் 1. பென் டிரைவ் டிஸ்க் 2. முதல் நாள் பென் டிரைவ்தான் 1 ஆக இருந்தது. இலக்கங்கள் நிரந்தரமானவை அல்ல, எது முதலில் செருகப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். லிஸ்ட் டிஸ்க் என்று அடித்து அளவு நிரலை ஒரு தடவை வாசித்திருந்தால் 14 எது, 931 எது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நாம் அடிக்கவில்லை. நேற்று பார்த்ததுதானே என்றிருந்துவிட்டோம்.

அந்த டிஸ்க்கில் இருந்தவை: பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், பழைய தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், இல்ல விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள், ஓய்வு பெற்றுச் சென்ற ஆசிரியர்களின் பிரியாவிடைகள். இன்னொன்றும் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, எமது கரையோரத்தில் பழைய அல்பம் மிஞ்சிய வீடுகள் கொஞ்சம்தான். அப்படி மிஞ்சிய சில வீடுகளில் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள்.

விரைவு போர்மட் உள்ளடக்கத்தை முழுவதுமாக அழிப்பதில்லை, பெயர்ப்பட்டியலைத்தான் அழிக்கின்றது. கிளீன் ஓல் என்று அடித்திருந்தால் ஒவ்வோர் அங்குலத்திலும் பூச்சியம் எழுதி முடித்திருக்கும், மீட்பதற்கு எதுவும் இருந்திருக்காது. அல்ஹம்துலில்லாஹ், அந்த அளவுக்குப் போகவில்லை. டிஸ்க்கில் அதற்குப் பிறகு ஒரு கோப்பும் எழுதாமல், போட்டோரெக் எனும் இலவச மென்பொருளால் இரண்டு இரவு தோண்டினோம். ஆயிரக்கணக்கான கோப்புகள் வெளியே வந்தன. ஆனால் பெயர் இல்லை, கோப்புறை இல்லை, எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட இலக்கமும். எந்த வருடம், எந்த வகுப்பு, யாருடைய வீட்டுப் படம் என்று எதுவுமே இல்லை. சில பாதிக்கு மேல் திறக்கவேயில்லை.

பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் எமக்கு அன்றுதான் உறைத்தது. அதனால்தான் இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரமும் பார்க்கும் கட்டளைகளை மட்டும் சொல்லிக் கொடுக்கின்றோம். லிஸ்ட் டிஸ்க், லிஸ்ட் வொலியூம், டீடெயில் டிஸ்க், டீடெயில் வொலியூம், அட்ரிபியூட்ஸ் டிஸ்க். இவற்றால் எதுவும் கெடாது. தெரிவு செய்யப்பட்ட டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும், அதை விரலால் தொட்டுக் காட்டி, அளவை வாய்விட்டு வாசித்த பிறகுதான் அடுத்த வரி அடிக்கலாம் என்பது எமது ஆய்வுகூடச் சட்டம். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்ற அலகைப் பாடமாக்கிப் புள்ளி எடுக்கும் பிள்ளைகள், சொந்த வீட்டுக் கணினியில் எத்தனை டிஸ்க் இருக்கின்றது என்று கேட்டால் முழிக்கின்றார்கள். அது அவர்களுடைய பிழை அல்ல, எமது பிழை.

இதற்கெல்லாம் அழகான ஜன்னல் இருக்கின்றதே, படம் போட்டுக் காட்டுகின்றதே, எதற்கு இந்தக் கறுப்புத் திரை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டிஸ்க் மெனேஜ்மண்ட் ஜன்னல் நல்லதுதான், அது பழகியவர்கள் அதையே பாவியுங்கள். ஆனால் மொனராகலையில் கற்பிக்கும் ஒரு பழைய மாணவன் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் உதவி கேட்டால், "இடது பக்கம் சின்னதாக ஒரு படம் தெரியும், அதில் ரைட் கிளிக்" என்று விளங்கப்படுத்த எம்மால் முடிவதில்லை. "இந்த இரண்டு சொல்லை அடி, வந்ததைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு" என்றால் முடிந்தது. ஜன்னல்கள் விண்டோஸுக்கு விண்டோஸ் இடம் மாறுகின்றன. டிஸ்க்பார்ட் எக்ஸ்பி காலத்திலிருந்து, அதாவது 2001இலிருந்து, கிட்டத்தட்ட அதே சொற்களோடு இருக்கின்றது. கொப்பியில் ஒரு தடவை எழுதி வைத்தால் பல வருடம் போகும்.

இப்போது பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. யாரையும் புண்படுத்த அல்ல. அண்மையில் ஒரு பள்ளிவாசல் அலுவலகத்தில் சந்தாப் பதிவேடு கணினியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இதுக்கு வேற கொப்பி ஒண்டு இரிக்கா?" என்று கேட்டோம். "இரிக்கி சேர், டீ டிரைவுலயும் ஒண்டு போட்டு வெச்சிரிக்கம். பயமில்ல" என்றார். லிஸ்ட் டிஸ்க் அடித்துக் காட்டினோம். ஒரே ஒரு டிஸ்க். சீயும் டீயும் அதே டிஸ்க்கில் போட்ட இரண்டு பிரிவுகள். ஒரே அலமாரியில் மேல் தட்டிலும் கீழ் தட்டிலும் வைத்தது போல. அலமாரி எரிந்தால் இரண்டும் போகும். ஹாஜியார் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் ஒண்டுதானா சேர் இரிந்த?" என்று கேட்டார். ஆம், ஒன்றுதான். அடுத்த வாரமே வெளி டிஸ்க் ஒன்று வாங்கிவிட்டார், அவருக்கு அல்லாஹ் கூலி வழங்குவானாக. எமதூரில் இன்னும் எத்தனை சங்கங்கள் டீ டிரைவை நம்பிக் கொண்டிருக்கின்றன என்பதைத் தலைவர்கள் இன்றே பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்குப் புது லெப்டொப் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு இன்னும் அவசரமான ஒன்று. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே குறியாக்கப்பட்டுவிடுகின்றது. நல்ல விடயம்தான், களவு போனால் கள்வனால் திறக்க முடியாது. ஆனால் மதர்போர்ட் மாற்ற நேர்ந்தாலோ, வேறு சில திருத்தங்களின் பின்னரோ, 48 இலக்கத் திறப்பு ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்தத் திறப்பு உள்நுழைந்த கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? கடையில் அவசரத்துக்கு யாரோ திறந்த ஈமெயில் என்றால், திறப்பும் அங்கேதான். மேனேஜ்-பிடிஈ -ஸ்டேட்டஸ் என்று அடித்தால் குறியாக்கம் இருக்கின்றதா என்று தெரியும். இருந்தால், மேனேஜ்-பிடிஈ -புரொடெக்டர்ஸ் -கெட் சீ: என்று அடித்து, அந்த 48 இலக்கத்தையும் கடதாசியில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். அதே லெப்டொப்பில் சேமித்து வைக்காதீர்கள், அது பெட்டிக்குள் திறப்பை வைத்துப் பூட்டியது மாதிரி.

எழுத முடியாது என்று சொல்லும் பென் டிரைவ் பற்றியும் பலர் கேட்கின்றீர்கள். அட்ரிபியூட்ஸ் டிஸ்க் அடித்துப் பாருங்கள். ரீட்-ஒன்லி "யெஸ்" என்றிருந்தால், அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி. அதற்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பென் டிரைவின் ஆயுள் முடிகின்றது என்று அர்த்தம். வாசிக்க விடும்போதே உள்ளிருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டதால் பழைய ஆய்வுகூடக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் பாடசாலைகளுக்கு: அங்கே எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை டிஸ்க்கையும் அதன் பிரிவுகளையும் மரம் போலக் கிளை பிரித்துக் காட்டும், டிஎஃப் -எச் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். இடம் இருந்தும் "நிரம்பிவிட்டது" என்று சொன்னால் பதற வேண்டாம். ஈஎக்ஸ்டி4 வழமையாக நூற்றுக்கு ஐந்தை நிருவாகிக்கென்று ஒதுக்கி வைக்கும்.

எமது கோரிக்கை பெரிதல்ல. பாடசாலை, பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம், எதுவானாலும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். உங்களிடம் எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றிலும் எத்தனை வொலியூம், பெயர், அளவு, மிச்சம், குறியாக்கம் உண்டா இல்லையா என்று திகதி போட்டு எழுதுங்கள். தவணைக்கு ஒரு தடவை மறுபடி பாருங்கள். "நியூ வொலியூம்" என்ற பெயரிலேயே எல்லாவற்றையும் விட்டு வைக்காமல், லேபல் கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள். எமது அந்த டிஸ்க்குக்கு "பழைய படங்கள்" என்று ஒரு பெயர் இருந்து, லிஸ்ட் வொலியூமில் அதை வாசித்திருந்தால் எமது கை நின்றிருக்கும் என்றே நினைக்கின்றோம்.

வருகின்ற சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்போம். சந்தேகமான டிஸ்க், பென் டிரைவ் இருந்தால் கொண்டு வாருங்கள், அதுவரை யாரிடமும் போர்மட் பண்ணக் கொடுக்காதீர்கள். மீட்டெடுத்த படங்களையும் திரையில் போடுவோம். பெரியவர்கள், பழைய மாணவர்கள், கட்டாயம் வாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்கள் சொன்னால் அந்த எஃப் இலக்கங்களை எடுத்துவிட்டு அவர்களுடைய பெயரைப் போடலாம்.