குழந்தை யாரைப் பார்க்க வருகிறது?

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காவது அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். இந்த வருடம் எதிர்வீட்டுக்கு எட்டு மாதப் பேரன் வருகிறான். நண்பர் ஒரு நோட்டில் புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, சம்பந்தி வீடு, மதுரையில் அத்தை, கோவையில் சித்தப்பா என்று மூன்று வாரத்தில் பதினோரு ஊர்! "எப்படி சார்?" என்று காட்டினார். "பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அதனால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். என் மகள் இருப்பது டாலஸில். அங்கிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை. நடுவில் எங்காவது மாறி வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும். இரண்டு வயது ஆகாத குழந்தையென்றால் பெரும்பாலும் மடியில்தான் பயணம். முன்வரிசையில் மாட்டித் தரும் தொட்டிலுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குழந்தை கொஞ்சம் கனமாக இருந்தால் அதுவும் இல்லை. விமானம் இறங்கும்போது காது அடைத்து அழும். பால் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வந்த பிறகும் தூக்கம் மாறாது. குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பதரை. நாம் கொஞ்ச எடுக்கும் நேரம் அதற்கு நடு ராத்திரி.

ஊசி விஷயமும் உண்டு. அமெரிக்காவில் தட்டம்மை ஊசியை ஒரு வயதில்தான் போடுகிறார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தை வெளிநாடு போவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு ஊசி போடச் சொல்கிறார்கள். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் பட்டு என் பேத்தியும் ஒன்பதாவது மாதத்தில் வந்தாள். நானும் நண்பரைப் போலத்தான் நோட்டுப் போட்டேன். விட்டுப்போனால் வருத்தப்படுவார்களே என்று, கல்யாணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் காரில் கூட்டிப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பத்துக் கை மாறினாள். பத்தாம் நாள் காய்ச்சல். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் இரவு மகள் சொன்னாள்: "அப்பா, இவளை அப்பாயிகிட்ட காட்டத்தான் வந்தேன். அப்பாயி மடியில மொத்தமா ஒரு மணி நேரம்கூட இருக்கலை."

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் அம்மாவுக்கு அப்போது வயது 91. அடுத்த ஆடியில் போய்விட்டார்கள்.

"குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வரலாம்" என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழந்தைக்கு நேரம் இருக்கிறது; தொண்ணூறு வயதுக்காரருக்கு இல்லை. டாக்டர் சரி என்றால் வரட்டும். ஆனால் யாரைப் பார்க்க வருகிறது என்பது நமக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் நாட்கள். மற்றவர்கள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வந்து பார்க்கட்டும்.

வந்ததும் மூன்று நாள் யாரையும் அழைக்க வேண்டாம். சளி, இருமல் உள்ளவர் நெருங்கிய உறவாக இருந்தாலும் தள்ளியே நிற்கட்டும். ஆசையாக நாக்கில் தேன் தடவ வருவார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அரிதாக என்றாலும் அதனால் கொடிய நோய் வருவதுண்டு. இதையெல்லாம் மகளோ மருமகளோ சொன்னால் "அமெரிக்கா போனதும் ரொம்பத்தான்" என்பார்கள். அதனால் நாம்தான் சொல்ல வேண்டும். "எங்க வீட்டுக்கு வரலையே" என்ற பொல்லாப்பும் நம் தலையிலேயே விழட்டும். உறவுகளோடு இங்கே இருக்கப்போவது நாம். சமாதானம் சொல்ல நமக்கு வருடம் முழுவதும் இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது மூன்று வாரம். உண்மையில் நான் பயந்தது அந்தப் பொல்லாப்புக்குத்தான். அதற்கு விலையாகப் போனது அம்மாவின் நாட்கள்.

இதை நேற்று மாலை நண்பரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இன்று காலை பால் வாங்க வந்தபோது, "கோவையை அடிச்சுட்டேன் சார்" என்றார்.

இன்னும் பத்து இருக்கிறது.