வழியில் விட்டுச் செல்லும் பறவைகள்

பறவைகளைக் காண்பதற்கென்றே நண்பர் நால்வரோ ஐவரோ கூடி, ஒரு வான் வண்டியை அமர்த்திக்கொண்டு, விடியுமுன் புறப்பட்டு நெடுந்தூரம் செல்லும் பழக்கம் அண்மைக் காலத்தில் மட்டக்களப்பு இளைஞரிடையே பரவி வருகின்றது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்குமன்றி வேறெதற்கும் வண்டி பிடிக்க மனம் வராத நம் சமூகத்தில் இஃது ஒரு புதுமை; வரவேற்கத்தக்க புதுமை என்றே கூறுவேன். ஆனால், அவ்வண்டிகள் எதை நாடிச் செல்லுகின்றன, எதைக் கடந்து செல்லுகின்றன என்பது பற்றி எனக்கொரு முறைப்பாடு உண்டு.

இந்த வேட்கை காலந்தாழ்த்தி வந்ததற்கு நம் இளைஞரைக் குறைகூறுவதற்கில்லை. 1985 ஆம் ஆண்டு முதல் 2003 ஆம் ஆண்டுவரை குமணை வனம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. திறந்த மறு ஆண்டே ஆழிப்பேரலை வந்து கரையோரம் முழுவதையும் அலைக்கழித்தது. கிழக்கிலே போரோசை 2007 வரையும் ஓயவில்லை. அந்நாட்களில் தமிழ் இளைஞன் ஒருவன் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகமும் கையுமாக வாவிக்கரையில் நின்றிருப்பானாயின், "நான் உள்ளான் எண்ணுகின்றேன்" என்று அவன் கூறும் விடையை எந்தச் சோதனைச் சாவடியில் எவர் நம்பியிருப்பார்? தன் வீட்டு வாசலிலுள்ள நீர்நிலையை நின்று பாராமலே ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்தது. அதன் பிள்ளைகள் இன்று தொலைநோக்கி வாங்குகிறார்கள் என்றால் அது சிறிய செய்தியன்று.

இனி அவர்கள் செல்லும் வழியைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரிலிருந்து குமணை 130 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ளது. கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி தெற்கு நோக்கி ஓடும். இடப்புறம் கடல், வலப்புறம், வீடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால், வாவி. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று எழுவான்கரை ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். அக்கரையில் படுவான்கரை. 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் பெரும்பகுதி இவ்வாறு வண்டியின் வலப்பக்கத்துக் கண்ணாடியை உரசிக்கொண்டே வருகின்றது. கல்முனைக்கு அப்பால் வாவி விடைபெறும். பின்னர் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர் வயல்கள், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. அதற்கப்பாற்றான் குமணை.

இவ்வழியில் நண்பர்களோடு நானும் சென்றதுண்டு. முன்னிருக்கைக்காரர் உறங்குவார், பின்னிருக்கைக்காரர் பாடுவார். அக்கரைப்பற்றில் தேநீர். பாணமை தாண்டியபின்னரே தொலைநோக்கிகள் உறையைவிட்டு வெளிவரும். "பறவைகள் குமணையில் இருக்கின்றன" என்பது அவர்கள் முடிவு. முந்நூறு கிலோமீற்றர் கடந்து கொழும்பிலிருந்து வரும் நண்பருக்கு அந்த எண்ணம் இருப்பதில் வியப்பில்லை. வாவிக்கரையிலே பிறந்து, வாவி மீன் உண்டு வளர்ந்தவருக்கும் அவ்வாறே தோன்றுவதுதான் எனக்கு விளங்காதது.

குமணையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகளின் புகலிடமாகப் பிரகடனம் பெற்ற இடம் அது. ஏறக்குறைய 200 ஹெக்டேர் பரப்புள்ள குமணை வில்லில் வைகாசி, ஆனி மாதங்களில் கூழைக்கடாக்களும் வர்ண நாரைகளும் கரண்டிவாயன்களும் மரந்தோறும் கூடுகட்டி இரைச்சலிடும் காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார். 250 இனங்களுக்கு மேல் அங்கே பதிவாகியுள்ளன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உகந்தையில் முருகனைத் தொழுது அந்தக் காட்டினூடாகவே நடந்தனர். அவர்கள் எத்தனை இனம் கண்டனர் என்று எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. இன்று கணக்குப் புத்தகமே பயணத்தின் தலைவனாகிவிட்டது. காலைக்குள் அறுபது, மாலைக்குள் நூறு என்று எண்ணிக்கை ஏறவேண்டும். எண்ணிக்கை ஏற வண்டி ஓடவேண்டும். வண்டி ஓடினால் கண் எங்கே நிற்கும்?

சென்ற மாசி மாதத்தில் அத்தகைய பயணம் ஒன்றில், என் வற்புறுத்தலின்பேரில், குருமண்வெளித் துறையில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து மண்டூருக்குப் பாதை செல்லும். (பாதை என்றவுடன் வெளியூர் வாசகர் தெருவை நினைத்துவிடக்கூடாது, மனிதரையும் மோட்டார்ச் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அத்துறையில் பாதையின் தேவை ஒழிந்தது.) பாதை வரும்வரை காத்திருந்த அரைமணி நேரத்தில் நாங்கள் கண்டவற்றைச் சொல்லுகிறேன்.

கூழைக்கடாக்கள் பதினான்கு, வரிசை கட்டி, மெல்ல வளைந்து, மீனை ஆழமற்ற கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்தன. ஒன்றன் அலகு தாழ்ந்தால் எல்லாவற்றின் அலகும் தாழ்ந்தது. நீர்க்காகங்கள் வலைக்கம்பு ஒவ்வொன்றிலும் ஒன்றாகச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அதன் இறகு முற்றாக நீரை ஒட்டாமல் தள்ளும் இறகன்று. நனைவதனாலேயே அது எளிதில் மூழ்கி மீனைத் துரத்துகிறது. நனைந்ததற்கு விலையாகவே வெயிலில் நிற்கிறது. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மாத்திரம் நீருக்குமேல் நீட்டி, பெயருக்கேற்பப் பாம்பாகவே சென்றது. ஆலாக்கள் வந்து வந்து நீரைத் தொட்டு மீண்டன. கரைச் சேற்றிலே உள்ளான்கள். அவற்றுள் வளைந்த மூக்குடைய சிறுவகை ஒன்று சைபீரியாவின் வடகோடியிற் குஞ்சு பொரிப்பது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உயிர் அங்கிருந்து இந்தக் குருமண்வெளிச் சேற்றுக்கு வந்திருக்கிறது. இந்தியாவைக் கடந்து வரும் பறவைகளுக்கு இலங்கைதான் கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே காலூன்ற நிலமில்லை.

அவை மாசியில் இங்கே திரள்வதற்குக் காரணமுண்டு. ஐப்பசி முதல் தைவரை வடகீழ்ப் பருவமழை பொழிந்து வாவி நிறையும். நிறைந்த நீர் முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். கடல்நீரும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் உள்ளே ஏறும். மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும்போது கரையோரச் சேறு வெளிப்படும். புழுவும் நத்தையும் சிறுமீனும் ஆழமற்ற நீரில் அகப்பட்டுக்கொள்ளும். பறவைக்கு அது அறுவடைக் காலம். படுவான்கரை வயல்களில் அலகின் நடுவே இடைவெளியுள்ள நத்தைகுத்தி நாரையைக் காணலாம். இடுக்கிபோன்ற அவ்வலகு நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பதற்கென்றே அமைந்தது.

அரைமணி நேரத்தில் இருபத்திரண்டு இனங்கள். குமணைக் கணக்கோடு ஒப்பிட்டால் இது அற்பந்தான். ஆனால், அந்த அரைமணியில் கிடைத்த வேறொன்று குமணையில் கிடைக்கமாட்டாது. பாதைக்காரர் எங்கள் தொலைநோக்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, கூழைக்கடா அந்தப் பக்கமா வளைஞ்சு வந்தா அங்க மீன் நிக்கிது எண்டு அருத்தம். அதப் பாத்துத்தான் நாங்க வலை வீசுற" என்றார். எங்கள் நண்பர் கூழைக்கடாவின் ஆங்கிலப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் அறிவார். தமிழ்ப் பெயரை அன்றுதான் கேட்டார்.

இங்குதான் என் முறைப்பாட்டின் வேர் இருக்கிறது. இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூல்கள், 1880 இல் நிறைவெய்திய லெக் துரையின் நூல் முதற்கொண்டு, வெயிட் 1925 இல் வெளியிட்டதும் ஹென்றி 1955 இல் வெளியிட்டதும் உட்பட, ஆங்கிலத்திலேயே தோன்றின. அவற்றின் அருமையை மறுப்பாரில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பீரங்கிப் படை அதிகாரியாக இந்நாட்டுக்கு வந்த லெக், தாம் கண்ட பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டெழுதி வைத்தார். அந்நியரான அவர் கரையில் இறங்கி மீனவனைக் கேட்டார். நம்மவரோ, கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டாத நிலையில், வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லுகின்றனர்.

தமிழருக்குப் பறவையைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் புதிதுமன்று. வறுமையில் வாடிய சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதனுப்பியபோது அதன் காலின் நிறத்தைச் சொன்னார்; அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை காட்டினார்; அது தென்கடலுக்கு வந்து வடக்கே மீளும் பறவை என்பதையும் அறிந்திருந்தார். பறவைகள் நாடுவிட்டு நாடு செல்லுகின்றன என்பதை மேனாட்டு விஞ்ஞானம் வளையமிட்டு மெய்ப்பிப்பதற்கு நெடுங்காலம் முன்னதாக இச்செய்தி நம் புலவன் வாயில் இருந்தது. விபுலாநந்த அடிகள் இவ்வாவியின் ஓசையிலே நீரரமகளிரைக் கண்டார். மீன் பாடும் தேனாடு என்ற பெருமையைச் சொல்லிச் சொல்லி நாம் சலித்ததில்லை. இரவில் கேட்குமோ கேளாதோ என்ற மீன்பாட்டுக்கு இத்தனை புகழ். பகலில் ஆயிரக்கணக்காய்க் கண்முன் நிற்கும் பறவைக்கு ஒரு சிறு தமிழ்க் கைந்நூல், கரையோரத்தார் வழங்கும் பெயர்களைத் தாங்கியது, பாடசாலைப் பிள்ளையின் கைக்கு எட்டவில்லை.

பெயர் மறைவதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர் உண்டு. பெயரில்லாத பொருளுக்காக எவரும் வழக்காட வருவதில்லை. வாவியின் ஓரத்தில் ஒரு சதுப்பைக் குப்பை கொட்டி நிரப்பும்போது அது 'வெறும் சேறு' என்றே சொல்லப்படுகிறது. கண்டற்காட்டை வெட்டும்போது 'வெறும் பற்றை' என்கிறோம். இறால் பண்ணைக்கென்று வெட்டியதும், போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் வெட்டியதும், ஆழிப்பேரலை பிடுங்கியதும் போக எஞ்சிய கண்டல், மீனுக்கு நாற்றங்கால். பறவைக்கு இரவுத் தங்குமிடம்.

மீனவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். நீர்க்காகம் வலையிற் பட்ட மீனைக் களவெடுக்கிறது என்று அவர்கள் குறைப்படுகிறார்கள், உண்மைதான், களவெடுக்கிறது. ஆயினும், வாவியில் மீன் அருகுவதற்கு அந்தக் கரிய கள்ளனைக் காட்டிலும் குஞ்சு குருமானையும் விடாத சிறுகண் வலைகளே பெருங்காரணம் என்பதை முதிய மீனவர்களே ஒப்புக்கொள்வர். அன்று துறையருகே, எவரோ வீசியெறிந்த தங்கூசி வலைத் துண்டில் காலும் சிறகும் சிக்கி ஒரு நீர்க்காகம் செத்துக் கிடந்தது. அந்த வலைத்துண்டால் மீனவனுக்கும் பயனில்லை.

தமிழ்நாட்டு வேடந்தாங்கலை இங்கே நினைக்கிறேன். துப்பாக்கிக்காரர் வந்து நீர்ப்பறவைகளைச் சுட்டபோது, அதைத் தடுக்கக் கோரிச் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் 1798 ஆம் ஆண்டில் உறுதிப்பத்திரம் பெற்றவர்கள் அவ்வூர்க் குடியானவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் பயிருக்கு உரமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உல்லாசப் பயணிகள் அவ்வேரியைக் காக்கவில்லை. அதன் கரையில் வாழ்ந்தவர் காத்தனர். நம் நாட்டில் 1990 இல் புந்தலவும், 2010 இல் குமணையும் வங்காலையும் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் ஏறின. மட்டக்களப்பு வாவிக்காக அன்று குரலெழுப்பியவர் யார்? தூரத்துக் காட்டைப் பேணுவதற்கு அரசு திணைக்களம் வைத்திருக்கிறது. வாவி ஊர்களின் நடுவே கிடப்பது. அதற்கு ஊரவரே வேண்டும்.

ஆதலால், வண்டி பிடிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். குமணைக்குப் போகவேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டு பயணங்களாகப் போங்கள். வைகாசியிலும் ஆனியிலும் குமணைக்குப் போங்கள். கூடுகட்டும் காலம் அதுவே. சனவரியில் ஆசியா முழுவதும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வாவிக்கரைப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதுங்கள், திருத்தவேண்டாம். மாசியில் வண்டியே தேவையில்லை. நகரத்திலிருந்து களுவாஞ்சிகுடிக்கு பஸ் வண்டி உண்டு. அங்கிருந்து துறைக்குச் சிறிது தூரமே. விடியற்காலையிற் போகவேண்டும், வெயில் ஏறினால் நீரின் பளபளப்பு கண்ணைக் கூசும். சூரியன் முதுகுக்குப் பின்னாலிருக்க, எழுவான்கரையில் நின்று மேற்கே பார்ப்பது நல்லது. சித்திரை பிறக்குமுன் உள்ளான்களிற் பெரும்பாலானவை வடக்கே புறப்பட்டுவிடும்.